ஐந்து புள்ளி தூரத்தில் நழுவிய பட்டம்

1993 விம்பிள்டன் மகளிர் இறுதிப்போட்டி. மூன்றாவது செட்டில் யானா நோவோட்னா 4-1 என முன்னிலை. சர்வீஸும் அவருடையது, ஸ்கோர் 40-30. தொடர்ந்து ஐந்து புள்ளிகள் எடுத்தால் பட்டம் அவருக்கு. எதிரே இருப்பவர் ஸ்டெஃபி கிராஃப். டை-பிரேக்கரில் முதல் செட்டை 6-8 என்று பறிகொடுத்த நோவோட்னா, இரண்டாவது செட்டை 6-1 என்று வாரிச் சுருட்டியிருந்தார். அரையிறுதியில் மார்ட்டினா நவ்ரத்திலோவாவையே வீழ்த்திவிட்டு வந்தவர் அவர்.

முதல் சர்வீஸ் தவறியது. இரண்டாவது சர்வீஸ் கோட்டைத் தாண்டி எங்கேயோ போய் விழுந்தது. டபுள் ஃபால்ட். அதன் பிறகு வாலியும் கைகொடுக்கவில்லை, ஸ்மாஷும் கைகொடுக்கவில்லை. கிராஃப் வரிசையாக ஐந்து கேம்களை அள்ளினார். 7-6, 1-6, 6-4.

பயந்துவிட்டார், பதறிவிட்டார் என்று அன்று எழுதியவர்கள் இன்றுவரை அதையே எழுதுகிறார்கள். பதற்றமே இல்லை என்று நானும் சாதிக்க மாட்டேன். 1995 பிரெஞ்ச் ஓப்பனில் சாண்டா ரூபினுக்கு எதிராகக் கடைசி செட்டில் 5-0, 40-0 என்று இருந்து, ஒன்பது மேட்ச் பாயிண்ட்களை விட்டுத் தோற்றவரும் இவர்தான். ஆனால் அந்த டபுள் ஃபால்ட்டைப் பதற்றம் என்று மட்டும் சொல்லிக் கடந்துபோவது ஆட்டத்தைப் பார்க்காமல் பேசுவது. நோவோட்னா சர்வீஸ் போட்ட கையோடு வலைக்கு ஓடி வாலி ஆடுபவர். அப்படி ஆடுபவர் இரண்டாவது சர்வீஸைப் பத்திரமாகத் தட்டிவிட முடியாது. பந்து மெதுவாக, நடுவில் விழுந்தால் கிராஃபின் ஃபோர்ஹேண்ட் அதைக் காலடியிலோ பக்கவாட்டிலோ துப்பாக்கிக் குண்டாகத் திருப்பி அனுப்பிவிடும். ஆகவே ஆழமாகப் போட்டே தீரவேண்டும். எந்தத் துணிச்சல் அவரை 4-1க்குக் கொண்டுவந்ததோ, அதே துணிச்சல்தான் அந்தப் பந்தைக் கோட்டுக்கு வெளியே தள்ளியது.

பரிசளிப்பின்போது கென்ட் கோமகள் ஆறுதலாக ஏதோ சொல்ல, நோவோட்னா அவர் தோளில் சாய்ந்து தேம்பி அழுதார். முதல் சுற்றில் தோற்றவர் பையைத் தூக்கிக்கொண்டு அன்றே ஊருக்குப் போய்விடலாம். இறுதிவரை வந்தவருக்கு அந்த வசதி கிடையாது. ஆறு ஆட்டங்களில் வென்று, ஏழாவதில் தோற்று, மைதானம் முழுக்கப் பார்க்க, இன்னொருவர் பட்டத்தைத் தூக்கிக் காட்டும்வரை பக்கத்திலேயே நிற்கவேண்டும். வெண்கலம் வாங்குபவர்கூடப் பல விளையாட்டுகளில் கடைசி ஆட்டத்தை வென்றுவிட்டுத்தான் மேடை ஏறுகிறார். இரண்டாமவர் தோற்ற கையோடு ஏறுகிறார். அந்த அழுகையைப் பலவீனம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

விம்பிள்டன் பட்டத்துக்கான இந்த ஏக்கம் நோவோட்னாவுக்கு மட்டும் வந்ததல்ல. அவருடைய பயிற்சியாளர் ஹனா மண்ட்லிகோவா நான்கு கிராண்ட்ஸ்லாம் ஒற்றையர் பட்டங்கள் வென்றவர். விம்பிள்டனில் மட்டும் 1981, 1986 என இரண்டு முறை இறுதியில் தோற்றவர். இவான் லெண்டலும் இவர்களைப் போலவே செக்கோஸ்லோவாக்கியாவில் பிறந்தவர்தான். 1986, 1987 இரண்டு ஆண்டுகளும் விம்பிள்டன் இறுதியில் தோற்றார். புல்தரைக்குத் தயாராகவேண்டும் என்பதற்காக, தான் மூன்று முறை வென்ற பிரெஞ்ச் ஓப்பனையே 1990இல் தவிர்த்தார். அப்படியும் விம்பிள்டன் அவருக்குக் கிட்டவில்லை. எட்டுக் கிராண்ட்ஸ்லாம் பட்டங்கள் வென்ற ஒருவர் ஒன்பதாவதுக்காக இப்படித் தவிப்பானேன் என்று கேட்கலாம். கைநழுவிய இடத்துக்கே மனம் திரும்பத் திரும்பப் போகும். வேறு இடத்தில் எத்தனை வென்றாலும் அந்தக் கணக்கு தீராது.

நோவோட்னா 1997இல் மீண்டும் விம்பிள்டன் இறுதிக்கு வந்தார். 16 வயது மார்ட்டினா ஹிங்கிஸிடம் முதல் செட்டை 6-2 என்று வென்றுவிட்டு, அடுத்த இரண்டையும் 3-6, 3-6 என்று இழந்தார். மறுபடியும் அதே மேடை, அதே கோமகள்.

2017 நவம்பரில், 49 வயதில், புற்றுநோய் அவரைக் கொண்டுபோனது. அப்போதும் உலகம் முதலில் நினைவுகூர்ந்தது 1993இன் கண்ணீரைத்தான். மகளிர் இரட்டையரிலும் கலப்பு இரட்டையரிலுமாக 16 கிராண்ட்ஸ்லாம் பட்டங்கள் வென்ற ஒரு வீராங்கனைக்கு இது நியாயமே இல்லை.

அதே விம்பிள்டனை 1998இல் அவர் வென்றார். இறுதியில் எதிரே நின்றவர் பிரான்ஸின் நத்தாலி டோசியா என்பதால் அதை எளிதான பட்டம் என்பவர்கள் உண்டு. அவர்கள் ஆட்ட அட்டவணையைச் சற்று மேலே பார்க்கவேண்டும். காலிறுதியில் வீனஸ் வில்லியம்ஸ், அரையிறுதியில் முந்தைய ஆண்டு தன்னைத் தோற்கடித்த அதே ஹிங்கிஸ். இருவரையும் தாண்டித்தான் வந்தார். தவிர, இரண்டு முறை இதே இடத்தில் தோற்றவருக்கு, வென்றே ஆகவேண்டிய எதிராளியைவிடக் கடினமான எதிராளி கிடையாது. கிராஃபிடம் தோற்றால் ஊர் மன்னிக்கும். டோசியாவிடம் தோற்றால் மன்னிக்காது. அந்தச் சுமையோடு முதல் செட்டை 6-4 என்று எடுத்தார். இரண்டாவது செட் டை-பிரேக்கருக்குப் போனது. ஐந்தாண்டுக்கு முன்பு எட்டுக்கு ஆறு என்று இழந்த அதே டை-பிரேக்கர். இந்த முறை 7-2. அப்போது அவருக்கு வயது 29. ஓப்பன் யுகத்தில் முதல் கிராண்ட்ஸ்லாம் ஒற்றையர் பட்டத்தை அந்த வயதில் அதுவரை எந்தப் பெண்ணும் வென்றிருக்கவில்லை. தன் ஆட்டத்தை அவர் மாற்றிக்கொள்ளவும் இல்லை. எந்தப் பாணி தன்னை அழவைத்தது என்று சொன்னார்களோ, அந்தப் பாணியிலேயே, வலையை நோக்கி ஓடி ஓடியே வென்றார்.