தாழ்த்தினால் தரம் உயருமா?

ஸ்போர்ட்ஸ் கார் என்றால் தரையை ஒட்டித்தான் ஓட வேண்டும் என்பது அதன் ரசிகர்களிடையே நெடுங்காலமாக இருந்துவரும் நம்பிக்கை. வாங்கிய காரை வீட்டுக் கொட்டகையிலேயே ஜாக்கியில் தூக்கி, அதன் சுருள்வில்களை வெட்டியோ மாற்றியோ உயரத்தைக் குறைப்பவர்கள் மேலை நாடுகளில் ஏராளம். "ஈர்ப்பு மையம் தாழ்ந்தால் வண்டி நிலையாக நிற்கும்" என்ற பள்ளிப் பாடத்தையே அவர்கள் இதற்குக் காரணமாகக் காட்டுகிறார்கள். பாடம் சரியானதுதான். ஆனால் ஒரே ஒரு பாடத்தை வைத்துக்கொண்டு காரின் அடிப்பகுதியைத் திருத்தப் புகுவது சரியா? இதை விடை நன்கு தெரிந்த ஓர் எடுத்துக்காட்டைக் கொண்டு பார்ப்போம்.

உயர்த்தப்பட்ட கார்

இங்கிலாந்தில் அபிங்டன் என்ற ஊரில் 1962 முதல் 1980 வரை தயாரிக்கப்பட்ட இருவர் அமரும் கார் எம்.ஜி.பி. இதன் முன்சக்கரங்களைச் சுருள்வில்கள் தாங்குகின்றன. பின் அச்சைத் தாங்குபவை பட்டை வில்கள். நம் ஊர் லாரிப் பட்டறைகளில் 'கமான் பட்டை' என்று சொல்கிறார்களே, அதே வகைதான்.

1970-களில் அமெரிக்க அரசு, கார்களின் பம்பரும் முகவிளக்கும் இருக்க வேண்டிய உயரம் பற்றி விதிகள் கொண்டுவந்தது. எம்.ஜி.பி. பெருமளவில் விற்பனையானது அமெரிக்காவில்தான். காரின் முகப்பைப் புதிதாக வடிவமைப்பதற்குப் பதிலாக, 1974-இன் பிற்பகுதியில் உற்பத்தியாளர்கள் கனமான ரப்பர் பம்பரைப் பொருத்தி, கார் முழுவதையும் ஓர் அங்குலத்திற்குக் குறையாமல் தூக்கிவிட்டார்கள். செலவைக் குறைக்க 1975 மாதிரியில் முன்புறச் சாய்வுத் தடுப்புத் தண்டையும் நீக்கினார்கள். விளைவு, வளைவுகளில் கார் அதிகமாகச் சாய்ந்தது, கையாளுவதும் கடினமாயிற்று.

எனவே உரிமையாளர்கள் பலர் காரைப் பழைய உயரத்திற்கு இறக்க முற்பட்டார்கள். இன்றும் இத்தகைய பழைய கார்களை வைத்திருப்போர் இதைச் செய்கிறார்கள். அவர்களுடைய மனக்குறை நியாயமானதே. ஆனால் நோய்க்கு உண்மையான காரணம் உயரம் மட்டும்தானா?

கணக்கு என்ன சொல்கிறது?

ஒரு காரின் நிறை 1000 கிலோகிராம், இடது வலது சக்கரங்களுக்கு இடையே உள்ள தூரம் 1.25 மீட்டர், ஈர்ப்பு மையத்தின் உயரம் 0.5 மீட்டர் எனக் கொள்வோம். வளைவில் அதன் பக்கவாட்டு முடுக்கம் 5 மீ/வி² என்றால், பக்கவாட்டு விசை 5000 நியூட்டன். இதை உயரத்தால் பெருக்கி, சக்கர இடைவெளியால் வகுத்தால், உட்புறச் சக்கரங்களிலிருந்து வெளிப்புறச் சக்கரங்களுக்கு மாறும் சுமை கிடைக்கும். அது 2000 நியூட்டன்.

இப்போது காரை 25 மி.மீ. இறக்குவோம். உயரம் 0.475 மீட்டர் ஆகிறது; மாறும் சுமை 1900 நியூட்டன். ஆதாயம் 5 சதவீதமே! இது பயனற்றதன்று. எனினும் ஓட்டுபவர் உணரும் பெரும் வேறுபாட்டை இது மட்டும் விளக்கிவிடாது.

உடல் சாய்வது வேறு கணக்கு. காரின் உடல் ஒரு கற்பனைப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறது. அதைச் சாய்வு மையம் என்பர். ஈர்ப்பு மையத்திற்கும் இந்தப் புள்ளிக்கும் உள்ள தூரமே சாய்க்கும் நெம்புகோலின் நீளம். முன்சக்கரத்தைத் தாங்கும் கரங்கள் காரை இறக்கும்போது கோணம் மாறுவதால், சாய்வு மையமும் கீழே இறங்குகிறது. பல அமைப்புகளில் அது உடலைவிட அதிகமாகவே இறங்கும். அப்போது நெம்புகோல் குறைவதற்குப் பதில் நீளும்!

எம்.ஜி.பி.யின் வரலாறே இதற்குச் சான்று. 1977 மாதிரியில் முன்னும் பின்னும் சாய்வுத் தடுப்புத் தண்டுகளைப் பொருத்தினார்கள். காரின் உயரத்தைக் குறைக்கவில்லை. ஆயினும் அதன் நடத்தை குறிப்பிடத்தக்க அளவு சீரடைந்தது. தூக்கியதால் வந்த கேடு, இறக்காமலேயே ஓரளவு தீர்ந்தது. உயரத்தையே முழுக் குற்றவாளியாக்குவோர் இதை மறந்துவிடுகிறார்கள்.

மறக்கப்படும் அளவு

வில்லின் வேலை காரைத் தாங்குவது மட்டுமன்று. மேட்டில் ஏறும் சக்கரம் மேலே செல்ல இடம் தருவதும் அதன் வேலைதான். அந்த இடம் தீர்ந்தால் ஒரு ரப்பர்க் கட்டையில் மோதி நிற்கும்.

காருக்கு இவ்வகையில் 60 மி.மீ. இடம் இருந்தது என்று கொள்வோம். 25 மி.மீ. இறக்கினால் மிஞ்சுவது 35 மி.மீ. வில் ஏற்கும் ஆற்றல், அதன் மாறிலியையும் அமுங்கும் தூரத்தின் இருமடியையும் பொறுத்தது. அதே மேட்டை ரப்பரில் மோதாமல் கடக்க வேண்டுமானால், வில்லின் மாறிலி (60/35)², அதாவது ஏறக்குறைய 3 மடங்கு ஆக வேண்டும். (ஷாக் அப்சார்பரின் பங்கை எளிமை கருதி விட்டுவிட்டோம்.)

வில்லை வெட்டினால் எவ்வளவு கிடைக்கும்? சுருள்வில்லின் மாறிலி, வேலை செய்யும் சுற்றுகளின் எண்ணிக்கைக்கு எதிர்விகிதத்தில் மாறும். 8 சுற்றுகளில் ஒன்றை வெட்டினால் மாறிலி 8/7 மடங்கு, அதாவது 14 சதவீதம் மட்டுமே கூடும். தேவையோ 3 மடங்கு! எனவே கார் அடிக்கடி ரப்பரில் மோதுகிறது. வளைவின் நடுவே அவ்வாறு மோதினால் அந்தச் சக்கரத்தின் மீதான சுமை திடீரென மாறும். டயரின் பிடி நழுவலாம். நிலைத்தன்மைக்காகச் செய்த வேலை, நிலைத்தன்மை மிகவும் தேவைப்படும் நொடியில் கைவிடுகிறது.

வழிமுறைகளின் தராதரம்

வில்லைச் சுவாலையால் சூடாக்கி அமுங்கச் செய்வதே மிக மோசமான வழி. எஃகின் மீட்சிக்குணகம் இதனால் பெரிதாக மாறுவதில்லை. ஆனால் பதப்படுத்தலால் எஃகு பெற்ற வலிமை, சூடுபட்ட இடத்தில் போய்விடுகிறது. பின்னர் அது தானே தளரும் அல்லது முறியும்.

வெட்டுவது அதைவிடச் சற்று மேல். ஆனால் வெட்டிய முனை தன் இருக்கையில் சரியாக அமராது. மேலும் வில் கரத்தின் நடுவில் இருக்குமானால், வில்லில் 1 செ.மீ. குறைப்பது சக்கரத்தில் சுமார் 2 செ.மீ. ஆகிவிடும். இது வெறும் நெம்புகோல் தத்துவந்தான். பலர் வெட்டிய பிறகே இதைக் கண்டுகொள்கிறார்கள்.

பின் அச்சுக்கும் பட்டை வில்லுக்கும் இடையே உலோகக் கட்டை வைப்பது எளிய முறை. வில்லின் மாறிலி மாறாது என்பது அதன் சிறப்பு. கட்டையின் தடிமன் அளவுக்கு மேல்நோக்கிய இடம் குறைவது அதன் குறை. அந்தக் காருக்கென்றே கணக்கிட்டுச் செய்த குட்டை வில்லையும், அதற்கேற்ற ஷாக் அப்சார்பரையும் பொருத்துவதே ஏற்கத்தக்க வழி.

எந்த வழியானாலும் வேலையில் உயிராபத்து உண்டு. மில்லிமீட்டருக்கு 20 நியூட்டன் மாறிலியுள்ள வில் 20 செ.மீ. அமுங்கியிருந்தால் அதில் 400 ஜூல் ஆற்றல் அடைபட்டிருக்கிறது. 40 கிலோகிராம் கல் ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம் இது. உரிய அமுக்கிக் கருவியின்றி வில்லின் தட்டைக் கழற்றலாகாது. ஜாக்கியை மட்டும் நம்பிக் காரின் அடியில் புகலாகாது. உறுதியான தாங்கிகள் வேண்டும். வேலை முடிந்தபின் சக்கரக் கோணங்கள், முகவிளக்கின் திசை, பிரேக் குழாய்களின் இடைவெளி ஆகியவற்றையும் சரிபார்க்க வேண்டும்.

நம் முடிவு

தூக்கப்பட்ட எம்.ஜி.பி.யை, அதன் வடிவமைப்பாளர்கள் முதலில் தந்த உயரத்திற்கு முறையாக இறக்குவதை இயற்பியல் தடுக்கவில்லை. அதற்கும் கீழே இறக்குவது பெரும்பாலும் கண்ணுக்கு அழகு, சாலைக்கு அன்று. இறக்கும் முன் ஒரு சோதனை செய்து பார்க்கலாம். ரப்பர்க் கட்டைகளின் மேல் சிறிது களிமண் உருண்டையை ஒட்டி, வழக்கமான சாலையில் நிதானமாக ஓட்டி வர வேண்டும். களிமண் எவ்வளவு நசுங்கியிருக்கிறது என்று அளந்தால், இன்னும் எத்தனை மில்லிமீட்டர் மீதியிருக்கிறது என்பது தெரியும். இப்போதே நசுங்கித் தட்டையாகிவிட்டது என்றால், அந்தக் காரில் இறக்குவதற்கு மீதி ஒன்றும் இல்லை.