கேமராவுக்கு வேண்டாம், கவுன்ட்டருக்கு வேண்டும்

சென்னையிலிருந்து திருப்பதி போகிற சாலையில், திருத்தணிக்கு முன்னால் வருகிற ஊர் கனகம்மாசத்திரம். அங்கே என் மைத்துனர் நடத்தும் இ-சேவைக் கடையில் ஃபைபர் லைன் ஒன்று இருக்கிறது. அது போனால் கைகொடுக்க ஒரு 4ஜி டாங்கிளும் உண்டு. இரண்டு லைன் எடுக்கும் சாதாரண ரூட்டர் அங்கே ஏன் சரிப்படவில்லை என்பதற்குக் கணக்கே பதில் சொல்லும். ஃபைபர் போனதும் அது கடையின் கண்காணிப்புக் கேமராக்களையும் டாங்கிளுக்கே அனுப்பிவிடும். 2 எம்பிபிஎஸ் வேகத்தில் படம் அனுப்பும் கேமரா ஒன்று மணிக்குச் சுமார் 900 எம்பி தின்னும். நான்கு கேமராக்கள் சேர்ந்தால் 1.5 ஜிபி தினசரி பேக் 25 நிமிடத்தில் காலி. அதன்பிறகு பட்டா, வருமானச் சான்று என்று வரிசையில் நிற்பவர்களுக்கு நெட் கிடையாது.

அதனால் இன்டெல் என்100 சிப்பும் நான்கு 2.5 ஜிகாபிட் போர்ட்டும் உள்ள, மின்விசிறி இல்லாத மினி பிசி ஒன்றில் டெபியன் 12 ஏற்றி, விஆர்எஃப் அமைத்துப் பார்த்தேன். ஒரே பெட்டிக்குள் தனித்தனி வழி அட்டவணைகளை வைப்பதுதான் விஆர்எஃப். லினக்ஸ் கெர்னலில் இது 2015-இல் வெளியான 4.3 பதிப்பிலிருந்து இருக்கிறது. கடை கவுன்ட்டருக்கு ஒரு விஆர்எஃப், கேமராவுக்கு ஒன்று. டாங்கிள் மட்டும் மெயின் அட்டவணையில்.

முக்கியமான விஷயம் இங்கேதான் இருக்கிறது. லினக்ஸில் வழித்தேடல் விதிகள் எண் வரிசைப்படி பார்க்கப்படும். 1000-ஆம் எண் விதி விஆர்எஃப் அட்டவணையைப் பார்க்கச் சொல்கிறது. அங்கே வழி கிடைக்காவிட்டால் தேடல் நிற்பதில்லை. 32766-ஆம் எண்ணில் இருக்கும் மெயின் அட்டவணைக்கு இறங்கிவிடுகிறது. யாரும் கேட்காமலே நடக்கும் ஃபால்பேக் இது. சிஸ்கோ ஐஓஎஸ்ஸில் விஆர்எஃப்-க்குள்ளிருந்து பொது அட்டவணைக்குப் போக வேண்டுமென்றால் அந்த வழியை நாமே எழுதவேண்டும். லினக்ஸில் போகக்கூடாது என்பதை நாம் எழுதவேண்டும். 'தனியாகப் பிரித்துவிட்டேன்' என்று நிம்மதியாக இருப்பவர்களின் கேமரா பாக்கெட்டுகள், ஃபைபர் போனதும் சத்தமில்லாமல் 4ஜி-யில் ஏறிவிடும். சோதித்தபோது அதுதான் நடந்தது.

தீர்வு ஒரே வரி. கேமராவின் அட்டவணையில் 'அன்ரீச்சபிள்' என்ற இயல்பு வழியை 4278198272 என்ற மெட்ரிக்கோடு சேர்க்க வேண்டும். அவ்வளவு பெரிய எண் என்பதால் வேறு எந்த வழி இருந்தாலும் அதுவே முந்தும். எதுவும் இல்லாதபோது மட்டும் இது குறுக்கே நின்று தடுக்கும். கெர்னல் ஆவணமே இந்த எண்ணைச் சொல்கிறது. விஆர்எஃப் உருவாக்கியவுடன் எல்லா அட்டவணைகளிலும் இதைப் போட்டுவிட்டு, ஃபால்பேக் வேண்டிய இடத்தில் மட்டும் எடுப்பதே சரி என்பது என் உறுதியான கருத்து. கவுன்ட்டர் அட்டவணையில் எடுத்தேன்.

எடுத்த பிறகும் கவுன்ட்டரில் பக்கம் திறக்கவில்லை. பாக்கெட் டாங்கிள் வழியே வெளியே போகிறது. பதில் மெயின் அட்டவணைக்கு வருகிறது. அங்கே கவுன்ட்டர் கணினிகள் இருக்கும் 192.168.10.0/24 எங்கே என்று தெரியாது. ஃபால்பேக் போகும் திசைக்கு மட்டும்தான். திரும்பும் வழியை மெயினில் தனியே எழுதியதும் வேலை நடந்தது. இதே காரணத்தால், கவுன்ட்டருக்கும் கேமராவுக்கும் ஒரே முகவரித் தொகுதியைக் கொடுத்திருந்தால் ஃபால்பேக்கை மறந்துவிட வேண்டியதுதான்.

இன்னொன்று, ஃபைபர் போனதைக் கண்டுபிடிப்பது ஃபால்பேக்கின் வேலையே அல்ல. சாலையில் கேபிள் அறுந்தாலும் கடைக்குள் இருக்கும் ஓஎன்யூ (ஃபைபர் மோடம்) உயிரோடுதான் இருக்கும், போர்ட் விளக்கும் எரியும், வழியும் அட்டவணையில் அப்படியே கிடக்கும். எங்கள் லைன் பிபிபிஓஇ என்பதால் தப்பித்தோம். 20 விநாடிக்கு ஒருமுறை எக்கோ கேட்டு, 3 முறை பதில் வராவிட்டால் இணைப்பு அறும்படி அமைத்திருக்கிறேன். இணைப்பு அறுந்ததும் அதன் வழிகளும் மறையும், தேடல் கீழே இறங்கும். ஏறக்குறைய ஒரு நிமிடம். பிபிபிஓஇ இல்லாமல் நேராக முகவரி கொடுக்கும் லைன் என்றால், வெளியே ஒரு முகவரியை பிங் செய்து வழியை நீக்கும் ஸ்கிரிப்ட் கட்டாயம் வேண்டும்.

ஃபைபரிலிருந்து 4ஜி-க்கு மாறும்போது வெளியுலகுக்குத் தெரியும் ஐபி முகவரியும் மாறுவதால், பாதி நிரப்பிய விண்ணப்பம் லாகின் பக்கத்துக்கே திரும்புவதுண்டு. இதை ரூட்டரால் மட்டும் தடுக்க முடியாது. மைத்துனரிடம் முன்கூட்டியே சொல்லிவைத்தேன்.

பெட்டியைப் பற்றிக் குறையில்லை. சித்திரை வெயிலில் தொட்டால் சுடும், ஆனால் வேகம் குறைவதில்லை. கரன்ட் போனால் சின்ன யுபிஎஸ்ஸே தாங்குகிறது. கட்டளை வரியில் கை பழகாதவர்களுக்கு இதைச் சிபாரிசு செய்ய மாட்டேன். பழகியவர்கள் வாங்கலாம். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: ஐபிவி4-க்குப் போட்ட அன்ரீச்சபிள் வரி ஐபிவி6-ஐக் கட்டுப்படுத்தாது, அதற்குத் தனியே ஒரு வரி எழுத வேண்டும். 4ஜி இணைப்புகள் பலவும் ஐபிவி6 முகவரி கொடுப்பவை.