உயர்வு என்று எழுதப்பட்ட இழப்பு

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜெர்மானியச் சிற்றூர்களிலிருந்து அமெரிக்காவில் குடியேறிய எளிய மக்களுள் காலணி தைப்போர் பலர் இருந்தனர். இளமையில் ஒரு தலைமைக் கைவினைஞரிடம் பயின்று, பின்னர் ஊர் ஊராய்ச் சென்று வேலை செய்து, தொழிலில் தேர்ந்தவர்கள் அவர்கள். ஒஹாயோ, விஸ்கான்சின் போன்ற மாநிலங்களின் சிறு நகரங்களில் கடை வைத்துக் குடும்பத்தோடு வாழ்ந்தார்கள். அவர்களது வாழ்வைப் பற்றி மூன்று வகை ஏடுகள் பேசுகின்றன. அவற்றைச் சான்றுகளாக மட்டுமன்றி, வாழ்க்கை வரலாறு என்னும் இலக்கிய வகையின் மாதிரிகளாகவும் நாம் படித்துப் பார்க்க வேண்டும்.

முதலாவது, 1870-களிலிருந்து பெருகிய 'கவுண்டி' வரலாற்று நூல்கள். முன்பணம் தருவோரைச் சேர்த்துக்கொண்டே இவை அச்சாயின. பணம் தந்தவரின் வாழ்க்கைக் குறிப்பு இடம்பெறும். படமும் வேண்டுமெனில் கூடுதல் செலவு. ஆதலால் எல்லாக் குறிப்புகளும் ஒரே அச்சில் வார்த்தவையாக உள்ளன. வெறுங்கையோடு வந்தார், உழைத்தார், கடை வைத்தார், ஊரார் மதிப்பைப் பெற்றார் என்பதே அந்த அச்சு. எளியவரின் பெயரையும் ஏட்டில் ஏற்றியது இவற்றின் பெருமை. கடனையும் கண்ணீரையும் விலக்கிவிட்டது இவற்றின் குறை.

இரண்டாவது, வணிகர்களின் நாணயத்தை மதிப்பிட்ட இரகசியப் பதிவேடுகள். லூயிஸ் டாப்பன் 1841-இல் நியூயார்க்கில் தொடங்கிய நிறுவனம், பின்னாளில் ஆர். ஜி. டன் என்பவரின் பெயரால் வழங்கியது. ஊர் வழக்கறிஞர் போன்றோர் கடைக்காரரின் சொத்து, உழைப்பு, குடிப்பழக்கம் ஆகியவற்றை ஓரிரு வரிகளில் எழுதி அனுப்பினர். இவ்வாறு சேர்ந்த 2,500-க்கும் மேற்பட்ட பேரேடுகள் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் பேக்கர் நூலகத்தில் உள்ளன. இவற்றின் நடை சுருக்கமானது, கூர்மையானது, ஆயினும் அன்பற்றது. யூத வணிகரின் இனமே அவரை ஐயுறக் காரணமாக எழுதப்பட்டதும் உண்டு.

முன்னது புகழ்கிறது, பின்னது எடைபோடுகிறது. எனினும் இரண்டும் ஒரே கேள்வியைத்தான் கேட்கின்றன: இவரிடம் எவ்வளவு சேர்ந்தது? இவர் கையிலிருந்து எது பறிபோயிற்று என்பதை இரண்டுமே கேட்கவில்லை.

பறிபோனது அவருடைய கைத்தொழிலே. காலணியின் அடித்தோலை மேற்தோலோடு சேர்த்துத் தைக்கும் இயந்திரத்திற்கு 1858-இல் லைமன் பிளேக் காப்புரிமை பெற்றார். அதனைக் கார்டன் மக்கே தொழிற்சாலைகளுக்கு வாடகைக்கு விட்டார். உள்நாட்டுப் போர்க்காலத்தில் (1861-65) அது பரவியது. மலிவான ஆயத்தக் காலணிகள் இருப்புப்பாதை வழியே சிற்றூர்களுக்கும் வந்து குவிந்தன. காலளவு எடுத்துத் தைத்தவர் பழுது பார்ப்பவரானார். பின் ஆலைச் சரக்கை விற்கும் கடைக்காரரானார். தம் தொழிலை அழித்த பொருளையே விற்று அவர் பிழைக்க வேண்டியதாயிற்று. வரலாற்று நூல் இதனை 'உயர்வு' என்று எழுதிற்று.

இம்மாற்றத்தை எதிர்த்தவர்களும் உண்டு. 1867-இல் மில்வாக்கி நகரில் காலணித் தொழிலாளர்கள் தங்கள் பாதுகாவலரான புனித கிறிஸ்பினின் பெயரால் ஒரு சங்கம் அமைத்தனர். பயிற்சியற்ற ஆட்களை இயந்திர வேலையில் அமர்த்துவதை அது எதிர்த்தது. 1873-ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடிக்குப் பின் அது சிதைந்தது. தொழிலாளியின் கண்ணீர் சங்க வரலாற்றில் இடம்பெற்றது. அதே கைத்தொழிலை இழந்த கடைக்காரரின் மௌனமோ எதிலும் இடம்பெறவில்லை.

மூன்றாவது ஏடு, மக்கள்தொகைக் கணக்கு. குடும்பத் தலைவரை மட்டுமன்றிச் சுதந்திர மக்கள் ஒவ்வொருவரையும் பெயரிட்டுக் குறித்த முதல் கணக்கு 1850-ஆம் ஆண்டினது. 1870-இல் இல்லத்தரசியரின் தொழில் 'வீடு பேணுதல்' எனப் பதியப்பட்டது. கணவன் உள்ளே தோல் தைக்க, கடையில் நின்று விற்ற மனைவிக்கும் அந்த ஒரு சொல்தான். ஆயினும் அவளுடைய பெயரும் பிறந்த நாடும் இவ்வறண்ட பட்டியலில் உள்ளன. புகழுரை மறந்தவளைப் பட்டியல் நினைவில் வைத்தது.

முன்னோரின் வாழ்வை எழுதப் புகுவோர்க்கு இம்மூன்று ஏடுகளும் ஒரு பாடம் புகட்டுகின்றன. ஒருவர் என்ன ஆனார் என்பது பாதி வரலாறு; அவ்வாறு ஆவதற்காக எதைக் கீழே வைத்தார், யார் அருகில் நின்றார் என்பது மறுபாதி. குத்தூசியைக் கீழே வைத்த கையையும் எழுதும்போதுதான் வாழ்க்கை வரலாறு இலக்கியமாகிறது என்பது நம் துணிபு.