பெயர் மாறிய பகைவர்: வேதாளர் படக்கதைகளில் சிங்காக் கொள்ளையர்

தமிழில் வேதாளர் என அறியப்பட்ட முகமூடி நாயகனை லீ ஃபாக் 1936இல் படைத்தார். அவனது பரம்பரைப் பகைவர் ‘சிங்’ கடற்கொள்ளையர். 1964இல் தொடங்கிய இந்திரஜால் காமிக்ஸ் அவர்களைச் ‘சிங்கா’ ஆக்கியது. நாயகனின் தந்தையைக் கொன்ற ‘ராமா’ ‘ராமாலு’ ஆனான். வங்காளத்தை நினைவூட்டிய பெங்கல்லா, டெங்காலி ஆயிற்று. இந்திய வாசகர் மனம் புண்படலாகாது என்பதே இதன் நோக்கம் எனக் கொள்ளலாம்.

ஆயின், நாயகனுக்கோ விக்கிரமாதித்தன் கதைமரபின் பெயர் வாய்த்தது. இவ்வாறு வெள்ளையின நாயகன் நம்மவனானான். இந்தியப் பெயர்கொண்ட பகைவன் ஊர்பேர் அறியாத மர்ம மனிதனானான். அம்மர்மத்தில் ஒரு பகுதியேனும் பதிப்பாசிரியர் மேசையில் பிறந்ததே. மூலத்தின் காலனிய நோக்கு இதனால் நீங்கவில்லை, மறைந்துகொண்டது. ‘சிங்’ என்றே விட்டிருப்பின், இக்கொள்ளையன் ஏன் இந்தியனாக இருக்கிறான் என்று தமிழ்ச் சிறுவன் ஒருவனேனும் கேட்டிருக்கக்கூடும்.