மருத்துவச்சி என்னும் ஒரு சொல்

தமிழில் 'மருத்துவச்சி' என்றால் பிள்ளைப்பேறு பார்ப்பவள் என்றே பொருள் கொள்கிறோம். மருத்துவம் கற்ற பெண்ணுக்கும் அச்சொல் பொருந்தத்தான் செய்யும். மிங் பேரரசின் சீனத்திலோ இவ்விருவரும் சரியாசனம் பெற்றவரல்லர். நாடி பிடிப்பவர் கற்றவர். பிள்ளையை ஏந்துபவள் இரத்தம் தீண்டியவள். இந்த இடைவெளியைக் கதைப்பொருளாக்கியதே, அமெரிக்க எழுத்தாளர் லிஸா சீ 2023இல் வெளியிட்ட 'லேடி டான்ஸ் சர்க்கிள் ஆஃப் விமன்' என்னும் ஆங்கில நாவலின் தலையாய சிறப்பு என்போம்.

கதைத்தலைவி டான் யுன்ஷியான் கற்பனைப் பாத்திரமல்லர். 1461இல் பிறந்தவர், பாட்டியிடம் மருத்துவம் பயின்றவர், 1511இல் 31 நோயாளிகளின் வரலாற்றைச் சிறு நூலாகத் தந்தவர். பெண் என்பதால் வெளியே சென்று அச்சுப்பணியைக் கவனிக்க இயலவில்லை. மகனே படியெடுத்து மரப்பலகையில் செதுக்குவித்தார்.

அந்நூலின் அருமையை உணர, அக்கால உயர்குடிப் பெண்ணின் நோய்ப்படுக்கையை நாம் மனக்கண்ணால் காண வேண்டும். சீன மருத்துவம் பார்த்தல், கேட்டல், வினவுதல், தொடுதல் என நால்வகையால் நோயறியும். ஆண் மருத்துவரோ திரைக்கு அப்பால் அமர்ந்திருப்பார். வினாவையும் விடையையும் மற்றொருவர் சுமந்து செல்வார். மாதவிலக்கின் கோளாற்றை எவ்வளவு சொல்ல முடியும்? கோஷாவை அறிந்த நம் இல்லங்களுக்கு இதனை விளக்க வேண்டியதில்லை. யுன்ஷியான் திரைக்கு உட்புறம் அமர்ந்தவர். ஆகவே உடல்நோயின் பின்னே நின்ற துயரையும் சினத்தையும் குறித்து வைக்க அவரால் முடிந்தது.

நாவலாசிரியர் இவருக்குத் தோழியாக, மருத்துவச்சியின் மகளான மெய்லிங்கைப் படைக்கிறார். கட்டிய பாதம் புண்ணாகித் தாய் இறந்ததைக் கண்ட செல்வச்சிறுமியும், கட்டாத பாதத்துடன் உழைக்கும் சிறுமியும் நட்புக் கொள்கின்றனர். புகுந்த வீட்டில் மாமியார் அந்நட்பைத் தடுக்கிறார். நூலறிவு மட்டும் பிரசவ அறைக்குப் போதாது என்று யுன்ஷியான் உணரும் பகுதிகள் நம் நெஞ்சைத் தொடுகின்றன.

குறையும் உண்டு. மர்மச் சாவு, விசாரணை, அரண்மனைப் பயணம் எனப் பிற்பகுதி விரைகிறது. 31 பெண்களின் எளிய வேதனையே போதிய கதையாக இருக்க, அதன்மேல் ஆசிரியர் நம்பிக்கை இழந்தது ஏனோ? குளிரும் காய்ச்சலும், கருச்சிதைவும், கணவன் வேறொருத்தியைக் கொணர்ந்த மனக்கொதிப்பும் எந்த மர்மத்துக்கும் குறைந்தவை அல்ல.

ஆயினும் இந்நூலை நம் வீட்டு மகளிர் படிக்க வேண்டும் என்றே சொல்வோம். நோயை மறைப்பது நாணத்தின் இலக்கணமன்று. நாணம் காக்கப்பட வேண்டுமாயின் கற்ற பெண்ணொருத்தி அருகே இருந்தாக வேண்டும். ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் ஒரு பாட்டி தம் பேத்திக்குக் கற்பித்ததன் பயன் அது.