ஒரே குழியில் இரண்டு நிறம்

கனடாவின் தென் ஒன்டாரியோவில் ஊர்ப்புறச் சாலைகளில் போகிறவர்கள் ஒரு வகைப் பண்ணை வீட்டைக் காணாமல் கடக்க முடியாது. ஒன்றரை மாடி. நடுவில் வாசல், இருபுறமும் சன்னல்கள். வாசலுக்கு நேர் மேலே செங்குத்தாக எழும் முக்கோண முகப்பு. அதனுள் பெரும்பாலும் கூர்வளைவுச் சன்னல் ஒன்று. டொராண்டோவில் வெளிவந்த 'தி கனடா ஃபார்மர்' என்ற வேளாண் இதழ் 1864-இல் இத்தகைய வீட்டுக்கு வரைபடமே போட்டது.

முகப்பின் விளிம்பில் தொங்கும் மரச் சித்திர வேலையைத்தான் எல்லோரும் படமெடுக்கிறார்கள். அழகுதான். ஆனால் அது மேலே பொருத்திய நகை. எனக்குச் சுவர்தான் பெரிது. சிவப்புச் செங்கல் சுவரின் மூலைகளில் வெளிர்மஞ்சள் கற்கள் நெட்டையும் குட்டையுமாக மாறி மாறி ஏறுகின்றன. சன்னல் தலைவளைவுகளிலும் அதே மஞ்சள். சில வீடுகளில் கூரையடியில் சாய்சதுரக் கோலமிட்ட பட்டை ஒன்று, சேலைக் கரை மாதிரி ஓடும். எதிலும் சாயம் கிடையாது.

களிமண்ணில் இருக்கும் இரும்பு சூளையில் சிவக்கும். சுண்ணாம்பு மிகுந்த மண்ணோ வெளிர்மஞ்சளாக வேகும். அந்த வட்டாரத்தில் மேல்மண்ணின் சுண்ணாம்பை மழைநீரும் பனிநீரும் காலங்காலமாகக் கரைத்துக்கொண்டு போய்விட்டன; ஆழத்தில் அது அப்படியே தங்கியது. அதனால் பல இடங்களில் ஒரே குழியின் மேலடுக்கு சிவப்புக் கல்லாகவும் கீழடுக்கு மஞ்சள் கல்லாகவும் வெந்து வந்தது. மண்வெட்டி இறங்கிய ஆழம்தான் சுவரில் நிறமாக நிற்கிறது! இந்தச் சிக்கனத்துக்கு ஈடான அலங்காரத்தை நான் வேறெங்கும் கண்டதில்லை.

கல்லிடுக்கில் இருப்பது சுண்ணாம்புக் காரை. கல்லைவிட மென்மையானது, சுவரின் ஈரத்தை வெளியே விட்டுவிடும். பழுதுபார்ப்பதாகச் சொல்லி அதைச் சுரண்டிக் கெட்டிச் சிமென்ட்டை அடைத்தால், ஈரம் கல்லுக்குள் தங்கிக் குளிரில் உறைந்து, கல்லின் முகம் செதில் செதிலாக உதிர்கிறது. மணல் பீய்ச்சித் துலக்குவது அதைவிடக் கொடுமை. சூளையில் இறுகிய மேல்தோலே போய்விடுகிறது.

நம்மவர்கள் பலர் குடியிருக்கும் மார்க்கம், பிராம்ப்டன் பக்கம் புது வீட்டு வரிசைகளுக்கு நடுவே இந்தப் பண்ணை வீடுகளில் சில இன்னும் நிற்கின்றன. சாய்வெயில் நேரத்தில் வீட்டின் மூலையைப் பாருங்கள். மஞ்சள் முடிந்து சிவப்பு தொடங்கும் இடத்தில் கொத்தனாரின் கை தெரியும்.