மாத்திடுங்க சார்!

திருத்தணி மலைக்கு 365 படி, நாளுக்கு ஒன்றாக. கீசர் ரிப்பேருக்கு ஒரே படிதான்: 'மாத்திடுங்க சார்!' மூடியைக் கழற்றிப் பார்க்காமலே சொல்கிறார்கள்.

போர் தண்ணீரின் உப்பு படிந்து முதலில் போவது எலிமென்ட். சில நூறு ரூபாய் சமாசாரம். உள்ளே ஒரு மக்னீசியம் கம்பி, தான் கரைந்து டேங்க்கைத் துருவிலிருந்து காக்கும். அதை அவ்வப்போது மாற்றணும் என்று விற்கும்போது யார் சொல்கிறார்கள்? டேங்க்கே ஒழுகினால் மட்டும் புதுசுதான், ஒட்டுப்போடாதீர்கள்.

'பழுதுபார்க்கும் உரிமை' என்று 2022 டிசம்பரில் மத்திய அரசு இணையதளம் திறந்தது. நல்ல விஷயம். பிரான்ஸிலோ 2021-லேயே வாஷிங் மெஷின், டிவிக்கெல்லாம் பத்துக்கு இத்தனை என்று ரிப்பேர் மார்க்கை விலைக்குப் பக்கத்தில் போடவைத்தார்கள். நம்ம கீசரிலும் ஸ்டார் ஒட்டியிருக்கு. அது கரன்ட் பில்லுக்கு. ரிப்பேருக்கு எத்தனை ஸ்டார்?